ஏடும் அச்சும்: புதுக்கருவியைப் புலவர் ஏற்ற வரலாறு

வளர்முக நாடுகளின் ஆசிரியரும் மருத்துவரும் கணக்கரும் பழைய முறையிலேயே ஊறிப்போனவர்கள். புதுக்கருவி ஒன்று வரின் அதனை ஐயுற்று ஒதுக்குபவர்கள். மேலிருந்து ஒருவர் வற்புறுத்தினாலன்றி அதனைக் கைக்கொள்ளார் என்பது பலராலும் சொல்லப்பட்டு வரும் ஒரு கூற்றாகும். குடியேற்ற ஆட்சிக் காலத்தில் ஆள்வோர் கூறிய இக்கூற்றை, ஆட்சி நீங்கிய பின்னர் நம்மவரும் ஆராயாது கூறி வருகின்றனர். ஒரு கூற்று பன்முறை சொல்லப்படுதலினால் மெய்யாகிவிடாது. அதனை வரலாற்றின் முன் நிறுத்திச் சோதித்தல் வேண்டும். அத்தகைய சோதனைக்கு ஏற்றதொரு நிகழ்ச்சி நம்மவர் வரலாற்றிலேயே உளது. ஓலையில் எழுதியும் ஓலையைக் கொண்டு கற்பித்தும் வாழ்ந்த தமிழ்ப் புலவர்கள், அச்சுப்பொறி என்னும் அந்நியக் கருவியை எப்பொழுது, எவ்வாறு, எக்காரணம் பற்றி ஏற்றுக்கொண்டனர் என்பதே அது.

முதலிற் பழைய தொழிலின் இயல்பை அறிதல் வேண்டும். பனையோலையைப் பதமறிந்து எடுத்து, வேகவைத்து, உலர்த்தி, மெருகிட்டு, ஒரே அளவாக நறுக்கித் துளையிட்டுக் கயிறு கோத்தால் அது சுவடியாகும். எழுத்தாணியாற் கீறிய எழுத்துத் தோன்றும் பொருட்டு மையும் மஞ்சளும் இலைச் சாறும் பூசுவர். செல்லரித்தலும் பூச்சி துளைத்தலும் ஓரம் முரிதலும் ஓலைக்கு இயல்பாகலின், எந்த ஏடும் சில நூற்றாண்டுகட்கு மேல் நில்லாது. பழைய ஏடு அழியுமுன் அதனைப் பார்த்துப் புதிய ஏடு எழுதப்படல் வேண்டும். அங்ஙனம் எழுதுவோர் தவறின், நூல் மறையும். இன்று நம் கையிலுள்ள பழந்தமிழ் நூல் ஒவ்வொன்றும் பெயர் தெரியாத பலர் இடையறாது பெயர்த்தெழுதி வந்தமையால் எஞ்சியதாகும்.

ஏட்டெழுத்தைப் படித்தலும் எளிதன்று. புள்ளி குத்தின் ஓலை கிழியுமென அஞ்சி மெய்யெழுத்துக்குப் புள்ளி இடாது விடுவர். எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் வேறுபாடின்றி எழுதப்படும். காலும் ரகரமும் ஒரே வடிவின. சொல்லுக்குச் சொல் இடைவெளி இல்லை. செய்யுளின் அடிகளும் பிரித்து எழுதப்படா. ஆதலின் நூலை முன்னரே அறிந்த ஆசிரியர் ஒருவர் அருகிருந்து சொல்ல, மாணவன் கேட்டு மனனஞ் செய்தாலன்றி ஏடு பயன்படாது. ஏடு ஆசிரியருக்குத் துணையாயிருந்ததேயன்றி, ஆசிரியரின் இடத்தைப் பிடித்துக்கொள்ளவில்லை. புலவருடைய மதிப்பும் வாழ்வும் இம்முறையோடு பிணைந்திருந்தன. இதனை நினைவிற் கொண்டே அச்சின் வரலாற்றை நோக்குதல் வேண்டும்.

தமிழ் அச்சுக்கலையின் வரலாறு மிகப் பழையது. 1578 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 20 ஆந் தேதி கொல்லத்தில் அச்சேறிய தம்பிரான் வணக்கம் என்னும் 16 பக்கச் சிறுநூலே, தமிழெழுத்தில் அச்சான முதல் நூலாக நமக்குக் கிடைத்துள்ளது. அதனை வெளியிட்டவர் அன்றீக்கு அன்றீக்கசு என்னும் போர்த்துக்கேயப் பாதிரியார். அடுத்த ஆண்டிற் கொச்சியிலும், 1586 இற் புன்னைக்காயலிலும் வேறு நூல்கள் அச்சாயின. 18 ஆம் நூற்றாண்டிலே தரங்கம்பாடியில் சீகன்பால்கு என்னும் செருமானியப் பாதிரியார் அச்சுக்கூடம் அமைத்து 1715 இற் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தார். செருமனியிலிருந்து வந்த எழுத்துகள் அளவிற் பெரியனவாய்க் காகிதத்தை விழுங்கினமையால், அங்கேயே சிற்றெழுத்துகள் வார்க்கப்பட்டன. இலங்கையில் ஒல்லாந்தர் 1737 இற் கொழும்பில் அச்சு வேலையைத் தொடங்கினர். 1761 இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைக் கைப்பற்றியபொழுது அங்கிருந்து எடுத்துச் சென்ற அச்சுப்பொறி சென்னை வேப்பேரியிற் பாதிரிமாரிடம் ஒப்படைக்கப்பட்டது.

இவ்வாறு 200 ஆண்டுகட்கு மேலாக அச்சுப்பொறி தமிழ் நாட்டிலும் ஈழத்திலும் இயங்கியும், திருக்குறளோ நன்னூலோ தேவாரமோ அச்சேறவில்லை. மேலெழுந்தவாரியாக நோக்குவார், புலவரின் பழமைப் பற்றே இதற்குக் காரணம் என்பர். ஆயின் காலமுறையை உற்று நோக்கின் வேறு மூன்று காரணங்கள் புலப்படும்.

முதலாவது காரணம் உடைமை பற்றியது. அச்சுப்பொறியும் எழுத்து வார்ப்பும் காகிதமும் கடல் கடந்து வந்தவை. அவை அரசினரிடமும் பாதிரிமாரிடமுமே இருந்தன. அச்சுக்கூடம் நடாத்துதற்கு ஆள்வோரின் உத்தரவு வேண்டியிருந்தது. கிழக்கிந்தியக் கம்பனியின் ஆட்சிப் பகுதிகளில் இவ்வுத்தரவுச் சீட்டு முறை 1835 இலேயே நீக்கப்பட்டது. ஈழத்தின் நிலையை விளக்க ஓர் எடுத்துக்காட்டுச் சாலும். 1816 முதல் யாழ்ப்பாணத்தில் ஊழியஞ் செய்த அமெரிக்க மிஷனார், தமக்கென அச்சுக்கூடம் அமைக்கும்பொருட்டு 1820 இற் கரட் என்னும் அச்சுத் தொழிலாளரை வருவித்தனர். அந்நாளில் ஆட்சிப் பொறுப்பை வகித்த பாண்சு என்பார் அவரை நாட்டைவிட்டு வெளியேறுமாறு கட்டளையிட்டார். ஆள்வோரின் சமயத்தைச் சார்ந்த வெள்ளையருக்கே இக்கதியெனின், ஏடு சுமந்த புலவர் ஒருவர் அச்சுக்கூடம் அமைத்தல் எங்ஙனம் இயலும்? இல்லாத கருவியை ஒருவர் வெறுத்தார் எனக் கூறுதல் பொருந்தாது.

இரண்டாவது காரணம் பயன் பற்றியது. அக்காலத்து அச்சுக்கூடங்களிலிருந்து வெளிவந்தவை பெரும்பாலும் செபநூல்களும் வினாவிடைகளும் அரசினர் கட்டளைகளுமே. இலக்கணம் கற்பிக்கும் ஆசிரியருக்கு அவற்றால் ஆவது யாதுமில்லை. தமது தொழிலுக்கு உதவாத கருவியை ஒருவர் கவனியாது விடுதல் அறியாமையாகாது. காலத்தைப் பேணும் அறிவேயாகும்.

மூன்றாவது காரணம் தொழிலின் தரம் பற்றியது. இதுவே ஆழ்ந்து நோக்கற்பாலது. ஏட்டில் நேர்ந்த பிழை அவ்வோர் ஏட்டின் பிழை; பிறிதோர் ஏட்டோடு ஒப்புநோக்கி அதனைத் திருத்தலாம். அச்சில் நேர்ந்த பிழையோ ஒரே நாளில் ஆயிரம் பிரதிகளின் பிழையாகிவிடும். தமிழ் அறியாதார் கோத்த எழுத்தும், பிழை நிரம்பிய பக்கமும், சந்தி கெட்ட வசனமும் கண்ட புலவர், தம் நூல்களை அக்கருவியிடம் ஒப்படைக்க அஞ்சியது நியாயமே. அவர் அஞ்சியது கருவியின் புதுமைக்கன்று, கருவியைக் கையாள்வோரின் கல்வியின்மைக்கு என்பதே பொருத்தமாகும்.

இக்காரணங்கள் உண்மையாயின், அவை நீங்கியவுடன் புலவர் அச்சை ஏற்றிருத்தல் வேண்டும். நிகழ்ந்ததும் அதுவே. 1812 இல் திருக்குறள் மூலமும் நாலடியாரும் சென்னையில் முதன்முறையாக அச்சேறின. அச்சிட்டவர் தஞ்சை மலையப்பப் பிள்ளை குமாரன் ஞானப்பிரகாசன் என்னும் தமிழர். பாடத்தை ஆராய்ந்தவர்களுள் ஒருவர் திருநெல்வேலி அம்பலவாணக் கவிராயர். அதே ஆண்டிற் சென்னைக் கோட்டையைச் சார்ந்து ஆங்கில உத்தியோகத்தர்க்குத் தென்மொழிகள் கற்பிக்கும் கல்லூரி நிறுவப்பட்டது. அங்கு ஆசிரியராய் அமர்ந்த தாண்டவராய முதலியார் முதலிய புலவர்கள், தாம் கற்பிக்க வேண்டிய நூல்கள் அச்சில் இருத்தலின் நன்மையை நாடோறும் கண்டனர். முதலியாரின் பஞ்சதந்திர வசனம் 1826 இல் வெளிவந்தது. அடுத்த சில ஆண்டுகளில் திருத்தணிகைச் சரவணப்பெருமாளையரும் விசாகப்பெருமாளையரும் தாமே அச்சுக்கூடம் நடாத்தும் நிலையை எய்தினர். 200 ஆண்டுகள் ஒதுங்கி நின்றவர்கள் எனப்பட்டோர், கருவி கைக்கெட்டிய ஒரு தலைமுறைக்குள்ளேயே அதன் உடைமையாளராயினர்.

யாழ்ப்பாணத்திலும் இதுவே நிகழ்ந்தது. தடை நீங்கியபின் 1834 இல் மைனர் என்னும் அச்சுத் தொழிலறிஞர் அமெரிக்காவிலிருந்து வந்து மானிப்பாய் அச்சுக்கூடத்தைப் பொறுப்பேற்றார். அங்கு நம் நாட்டு இளைஞர் எழுத்துக் கோக்கவும் புத்தகங் கட்டவும் பயின்றனர். 1841 சனவரியிற் தொடங்கிய உதயதாரகைப் பத்திரிகையின் ஆசிரியராயிருந்த ஹென்றி மாட்டின், சேத் பேசன் ஆகிய இருவரும் பெயரளவில் ஆங்கிலேயர்போலத் தோன்றினும் தமிழரேயாவர். 1842 இல் வெளிவந்த யாழ்ப்பாண அகராதி 58,000 சொற்களுக்கு மேற்பட்டது; அதனைத் தொகுத்த உழைப்பிற் பெரும்பங்கு சந்திரசேகர பண்டிதருடையது. நிகண்டுகளை மனனஞ் செய்து வளர்ந்த பண்டிதர் ஒருவர், அகரவரிசையில் அமைந்த அச்சு அகராதிக்கு உழைத்தமை, பழைய கல்விக்கும் புதிய கருவிக்கும் இயற்கைப் பகை இல்லை என்பதற்குச் சான்றாகும்.

எனினும் மானிப்பாய் அச்சுக்கூடம் மிஷனாருடையதே. அதனை நம்மவர் நோக்கத்திற்குத் திருப்பியவர் நல்லூர் ஆறுமுக நாவலர் (1822-1879). வெசிலியன் மிஷன் பாடசாலையிற் பேர்சிவல் பாதிரியாரிடம் ஆங்கிலம் கற்று, அங்கேயே ஆசிரியராய் அமர்ந்து, விவிலிய மொழிபெயர்ப்பில் உதவியவர் அவர். அச்சின் ஆற்றலை அருகிருந்தே கண்டார். 1848 இல் அப்பதவியைத் துறந்து வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். பாடசாலை எழுந்தவுடன் பாடநூல் இல்லாக் குறை எழுந்தது. ஒரு வகுப்பிலுள்ள மாணவர் யாவருக்கும் ஏடு எழுதிக் கொடுத்தல் இயலாது. எனவே 1849 இல் தம் மாணாக்கர் சதாசிவப்பிள்ளையுடன் சென்னைக்குச் சென்று, சூடாமணி நிகண்டுரையையும் சௌந்தரியலகரி உரையையும் அச்சிட்டு, ஓர் அச்சுப்பொறியை விலைக்கு வாங்கி வந்தார். அச்செலவின்போதே திருவாவடுதுறை ஆதீனம் அவருக்கு நாவலர் என்னும் பட்டத்தை வழங்கிற்று. பழைய கல்வியின் உயர்ந்த விருதும் புதிய கல்வியின் கருவியும் ஒரே பயணத்தில் அவரை வந்தடைந்தன. வண்ணார்பண்ணையில் அவர் நிறுவிய அச்சுக்கூடத்திற்கு வித்தியாநுபாலன யந்திரசாலை என்று பெயர். பாலபாடங்களும் 1852 இற் பெரியபுராண வசனமும் அவரால் வெளிவந்தன.

ஏற்றுக்கொண்டமை மாத்திரமன்று, ஏற்றுக்கொண்ட முறையும் கருதத்தக்கது. நாவலர் அச்சுக்கு ஏற்பத் தமிழ் வசனத்தை அமைத்தார். கடுஞ்சந்திகளைப் பிரித்தும், காற்புள்ளி முதலிய குறியீடுகளை இட்டும், வகுப்பின் தரத்திற்கேற்பப் பாடங்களைப் படிப்படியாக வகுத்தும் எழுதினார். ஆசிரியர் அருகில் இல்லாதபொழுதும் மாணவன் தானே படித்துப் பொருளறிதற்கு இவை உதவின. அதே வேளையில் ஏட்டு மரபின் ஒழுங்கை அவர் கைவிடவில்லை. பல ஏடுகளை ஒப்புநோக்கிப் பாடந் துணிதலும், அச்சுத்தாளைத் திரும்பத் திரும்பத் திருத்துதலும் அவர்தம் வழக்கமாயின. 1861 இல் அவர் வெளியிட்ட திருக்குறட் பரிமேலழகர் உரைப் பதிப்பு அதற்கு நல்ல உதாரணம். நாவலர் பதிப்பு எனின் பிழையற்ற பதிப்பு என்னும் நம்பிக்கை நிலைபெற்றது. புலவரின் மூன்றாவது அச்சத்தைப் போக்கியது இந்நம்பிக்கையே. பழைய வழக்கங்கள் சிலவும் புதிய கருவியோடு இணைந்தன. அரங்கேற்றத்திலே பெறப்பட்ட சாத்துகவி அச்சு நூலின் முற்பக்கத்தில் இடம்பெற்றது. ஏடு கொண்டே மாணாக்கர்க்குப் பாடஞ் சொல்லிய திருவாவடுதுறை மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம்பிள்ளை (1815-1876) போன்றோரும் அச்சு நூல்களுக்குச் சாத்துகவி வழங்கினர். இராமநாதபுரம் பொன்னுச்சாமித் தேவர், பண்டைப் புரவலர் புலவருக்குப் பொன் ஈந்ததுபோல, நாவலரின் பதிப்புகளுக்குப் பொருள் ஈந்தார்.

இதன்பின் வந்த இருவர், தம் உத்தியோகக் கடமைகளுக்கிடையே இப்பணியை ஆற்றினர். சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை (1832-1901) சென்னைச் சர்வகலாசாலையின் முதற் பட்டதாரிகள் இருவருள் ஒருவர். அரசாங்கக் கணக்குப் பகுதியில் உத்தியோகம் வகித்தவர். அவர் 1881 இல் வீரசோழியத்தையும், 1885 இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும், 1887 இற் கலித்தொகையையும் பதிப்பித்தார். எடுக்கும்போதே ஓரம் உதிர்ந்து, கட்டவிழ்க்கையில் முரிந்துபோகும் ஏடுகளின் நிலையை அவர் தம் பதிப்புரையில் நெஞ்சுருக எடுத்துரைத்துள்ளார். மீனாட்சிசுந்தரம்பிள்ளையின் மாணாக்கராகிய உ. வே. சாமிநாதையர் (1855-1942) கும்பகோணம் கல்லூரியில் 1880 முதல் ஆசிரியராயிருந்தவர். சீவகசிந்தாமணியை 1887 இலும், சிலப்பதிகாரத்தை 1892 இலும், புறநானூற்றை 1894 இலும், மணிமேகலையை 1898 இலும் அவர் வெளியிட்டார். விடுமுறை நாட்களில் ஊரூராகச் சென்று ஏடு தேடியும், வாங்குவோரிடம் முன்னரே கையொப்பம் பெற்றுப் பொருள் திரட்டியும் அவர் பதிப்பு வேலையை நடாத்தினார். இவ்விருவரையும் எவரும் வற்புறுத்தவில்லை. தாம் கற்றதும் கற்பிப்பதுமாகிய பொருள் தம் கண்முன்னே அழிவதைக் கண்டனர். அதனைக் காக்கும் கருவி அச்சு ஒன்றே என்பதை உணர்ந்தனர்.

இவ்வரலாற்றில் இழப்பே இல்லையெனக் கூறுதல் நடுநிலையாகாது. அச்சினால் நூலாசிரியரும் உபாத்தியாயரும் உயர்ந்தனர். கூலிக்கு ஏடெழுதி வாழ்ந்தோரின் தொழிலோ இரண்டொரு தலைமுறையில் மறைந்தது. மனனக் கல்வியும் தளர்ந்தது. அச்சேறிய நூலின் ஏட்டை இனிப் பெயர்த்தெழுத வேண்டாமென விடுத்தமையால், பாடபேதங்களைக் காட்டக்கூடிய ஏடுகள் பல அழிந்தன. எனவே புதுக்கருவியை ஒரு தொழிலார் ஏற்றனரா என வினவும்பொழுது, அத்தொழிலுள் யாருக்கு ஆக்கம், யாருக்குக் கேடு என்பதையும் உடன் வினவுதல் வேண்டும். கேடுறுவோர் தயங்குதலைப் பழமைப் பற்று எனப் பழித்தல் அறமாகாது.

இழப்புகளை எண்ணியபின்னும் ஆக்கத்தின் பக்கமே தராசு தாழும். 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் தீயிடப்பட்டபொழுது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பராயின. அவற்றுள் அச்சேறிப் பல ஊர்களிற் பரவியிருந்தவற்றை மீண்டும் தேடிப் பெறுதல் இயன்றது. ஒரே பிரதியாயிருந்த ஏடுகள் மீளவில்லை. யாழ்ப்பாண வைபவமாலை இன்று எவரும் எடுத்துப் படிக்கக் கூடியதாயிருப்பது அது அச்சேறியமையினாலேயாம். நாவலரும் தாமோதரம்பிள்ளையும் ஒரு தலைமுறை பிந்தியிருப்பின் எத்துணை நூல்களை இழந்திருப்போம் என்பதை எண்ணிப் பார்க்கவும் அச்சமாயிருக்கின்றது. 2005 இல் ஈழத்து நூல்களை மின்வடிவிற் காக்கத் தொடங்கிய நூலகம் என்னும் முயற்சி, ஓலையிலிருந்து அச்சுக்கு நிகழ்ந்த அதே பெயர்ப்பின் அடுத்த படியே. அதனைத் தொடங்கியவரும் வெளியார் அல்லர். நூலின் அழிவை அறிந்த நம்மவரே.

ஆகவே, மேலே கூறிய கூற்றுக்கு வரலாறு அளிக்கும் விடை இது: தொழிலறிந்தோர் புதுக்கருவியை வெறுப்பதில்லை. அது தம் கைக்கு எட்டுவதாகவும், தம் தொழிலுக்கு உதவுவதாகவும், தம் தொழிலின் தரத்தைக் கெடுக்காததாகவும் இருத்தல் வேண்டுமென எதிர்பார்க்கின்றனர். காலவகையாற் பழையன கழிந்து புதியன புகுதலைக் குற்றமன்றென நம் இலக்கணமே உடன்பட்டது. இன்று நமது பாடசாலைகளுக்குக் கணினியும் பிற கருவிகளும் வருகின்றன. அவற்றை ஆசிரியர் பயன்படுத்தவில்லை என முறையிடுவோர், அவை ஆசிரியர் கையில் உளவா, பூட்டிய அறையில் உளவா. அவற்றில் மாணவர்க்கு வேண்டிய பாடம் பிழையற்ற தமிழில் உண்டா என்பவற்றை முதலில் ஆராய்வாராக. ஆராய்ந்து குறை நீக்கின், வண்ணார்பண்ணையில் நிகழ்ந்தது பிற ஊர்களிலும் நிகழும். மாணவர்களும் நாவலர் பதிப்பொன்றை ஒருமுறையேனும் கையிலெடுத்து, அதன் ஒரு பக்கத்தைப் பிழை தேடிப் படித்துப் பார்ப்பார்களாக. புதுக்கருவியைக் கற்றவர் கையாண்டால் எத்தகைய பயன் விளையும் என்பதை அப்பக்கமே அவர்களுக்கு உணர்த்தும்.